சபரி ஆசிரமத்துப் பந்தி

ஒலவக்கோடு என நம்மவர் நெடுங்காலம் வழங்கிய ரயில் நிலையம் இன்று பாலக்காடு சந்திப்பு எனப் பெயர் பூண்டு நிற்கிறது. அதனை அடுத்து வாழும் நம் காலனிக் குடும்பத்தாருள் எத்துணைப் பேர் அகத்தேத்தரைச் சபரி ஆசிரமத்தினுள் அடி வைத்திருப்போம்? நாமே பன்னாள் அவ்வழியே சென்றும் உள்ளே நுழையாதிருந்தோம், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அதனை நிறுவிய டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் கல்பாத்தித் தமிழர்; காந்தியடிகளின் வழி நின்றவர். 1923 மே மாதம் சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் பாலக்காட்டில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதனையொட்டி எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்துண்ணும் விருந்தினை ஐயர் நடத்தினார். ஊர் பொறுக்குமா? சாதியினின்றும் அவரை விலக்கினர். விலக்கியவர் வேற்று மொழியினர் அல்லர். தமிழகத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களே. ஈழவர் நடத்தலாகாது என்று தடுக்கப்பட்ட கல்பாத்தி வீதியில் 1924ஆம் ஆண்டுத் தேர்த்திருவிழா அடிதடியில் முடிந்ததும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

அவ்விருந்து நடந்த ஆண்டிலேயே ஆசிரமம் எழுந்தது. எழுத்தும் எண்ணும் எப்பள்ளியிலும் உண்டு. இங்கோ அரிசனச் சிறாரும் பிற சாதிச் சிறாரும் ஒருங்கே உண்டு, ஒருங்கே உறங்கி, இராட்டை சுற்றிக் கற்றனர். அடுத்திருப்பவன் கையால் நீர் வாங்கிப் பருகக் கூசும் பிள்ளைக்கு ஏட்டுப் பாடம் எதற்கு என்பதே ஐயரின் கொள்கையாக நமக்குத் தோன்றுகிறது. இராமனுக்குக் கனி அளித்த வேட மூதாட்டியின் பெயரைச் சூட்டினாரே, அப்பெயரும் ஒரு பாடமன்றோ!

வைக்கம் சத்தியாக்கிரகத்தின் பொருட்டு வந்த காந்தியடிகள் 1925இல் இங்கு வந்தார். அரிசன யாத்திரையின்போது 1934 ஜனவரியில் மீண்டும் வந்தார். மறு ஆண்டு ஐயர் காலமானார். கைத்தொழில் வழியே கல்வி என்னும் ஆதாரக் கல்வித் திட்டம் வார்தா மாநாட்டில் உருப்பெற்றது 1937இல்தான்.

நாம் படித்த பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. அங்கே தண்ணீர்ப் பானையருகே இரண்டு குவளைகள் இருந்தன. எதற்கென்று ஆசிரியர் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. மெட்ரிகுலேஷன் தேறினோம், உத்தியோகமும் கிட்டியது. கேளாமல் விட்ட அக்கேள்வி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஆண்டு விழா முடிந்த அடுத்த ஞாயிறன்று காலனிப் பிள்ளைகளை ஆசிரமத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். நடந்தே போய்விடலாம். கட்டுச்சோற்றை அவரவர் இல்லத்திலிருந்து கொணர்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பந்தியில் பரிமாறுவதாக ஏற்பாடு. வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.