மாநிலத்தைத் தேர்ந்தெடுத்ததும் வெள்ள வரைபடம் காலியாகிறதே, ஏன்?

மழைக்காலம் வந்துட்டா நம்மில் பலர் கைப்பேசியில் முதலில் திறப்பது வெள்ள வரைபடத்தைத்தான். ஆற்று நீர்மட்டம், மழையளவு, நிவாரண மையங்கள் எல்லாம் ஒரே திரையில். மேலே மாநிலத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல். பினாங்கைத் தட்டினால் எல்லாமே பினாங்குக்கு மாறிவிடும் என்றுதான் நினைப்போம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

நீங்கள் பார்ப்பது ஒரே படம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பல அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தனி அட்டவணை. நீர்மட்டத் தகவல் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடமிருந்து வரும். நிவாரண மையத் தகவல் சமூகநலத் துறையிடமிருந்து வரும். வரைபடத்தை உருவாக்குபவர் அந்த மாநிலப் பட்டியலை ஒவ்வோர் அடுக்கோடும் தனித்தனியா இணைக்கணும். 2020-இல் உலகமே பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கோவிட் வரைபடம் உருவான ஆர்க்ஜிஐஎஸ் டேஷ்போர்ட்ஸ் மென்பொருளிலும் இதே முறைதான். ஓர் இணைப்பு விடுபட்டால், அந்த அடுக்கு மட்டும் நாடு முழுவதையும் காட்டிக்கொண்டே இருக்கும்.

அதைக்கூடக் கண்டுபிடிச்சிடலாம். ஆபத்தானது வேறொன்று. ஓர் அட்டவணையில் மாநிலத்தின் மலாய்ப் பெயர், இன்னொன்றில் ஆங்கிலப் பெயர் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு இரண்டும் பினாங்குதான். கணினிக்கு எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். பொருந்தும் வரி எதுவும் கிடைக்காததால் அந்த அடுக்கு காலியாகிவிடும். "நிவாரண மையம் ஒண்ணுகூடத் திறக்கலை போல" என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவோம். இதைத் தவிர்க்கத்தான் பெயருக்குப் பதிலாகப் பொதுவான மாநிலக் குறியீட்டு எண்ணை எல்லா அட்டவணையிலும் வைக்கிறார்கள்.

மழை ரேடார் அடுக்கு பெரும்பாலும் வெறும் படம். அதில் மாநிலம் என்ற விவரமே இருக்காது. பட்டியலைத் தட்டினாலும் மாறாது. அது கோளாறு இல்லை.

எல்லாம் சரியா இணைந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: ஆறு மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. மூடா ஆறு கெடாவில் தொடங்கி, கீழே கெடா-பினாங்கு எல்லையாக ஓடுகிறது. வட செபராங் பிறையில் இருப்பவர் பினாங்கை மட்டும் தேர்ந்தெடுத்தால், மேலே கெடாவில் நீர் ஏறுவது திரையிலிருந்து மறைந்துவிடும். அங்கே ஏறும் தண்ணீர்தானே பிறகு இங்கே வரும்!

அதனால் ஏதாவது காலியாகத் தெரிந்தால், முதலில் பட்டியலை 'அனைத்து மாநிலங்களும்' என்று மாற்றுங்கள். பிறகு உங்கள் ஊரை விரலால் பெரிதாக்கி, ஆற்றின் மேற்பகுதி வரை நகர்த்திப் பாருங்கள்.