உலவாக்கிழியும் கஜானா உண்டியலும்

உண்டியல் என்றதும் மதுரைக்காரர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். அது காசு போடுவதற்கு ஏற்பட்டது. போட்டவன் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் கீழமாசி வீதி வியாபாரிகளையோ, காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பெரியவர்களையோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் அகராதியில் அதே சொல்லுக்கு நேர்மாறான பொருள் உண்டு. இன்ன தேதியில், இன்ன தொகையை, இதைக் கொண்டு வருபவரிடம் தவறாமல் கொடுக்கவும் என்று ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு எழுதும் சீட்டுக்கும் உண்டியல் என்றுதான் பெயர். முதல் உண்டியலுக்குப் பக்தி ஆதாரம், இரண்டாவதற்கு நாணயம்.

சர்க்காரும் இந்த இரண்டாவது வகை உண்டியலை எழுதி விற்கிறது. கருவூல உண்டியல் என்று இன்றைய தமிழில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ கஜானா உண்டியல் என்ற பழைய பேரில்தான் காசு குலுங்கும் ஓசை கேட்கிறது. 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணைகளில் இந்த உண்டியல்கள் ஏலத்துக்கு வருகின்றன. கதை படிக்க வந்தவர்களிடம் வட்டிக் கணக்குப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். இதிலும் ஒரு கதை இருக்கிறது. ஒரு ராஜாங்கமே நாற்பத்திரண்டு வருஷம் மயங்கிக் கிடந்த கதை.

முதலில் ஏலத்தின் சூத்திரம். நம் ஊர்ப் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏலச்சீட்டுப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இருபது பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டுகிறார்கள். சேருவது 10,000. அவசரக்காரர் ஒருவர், பெண்ணுக்குக் கலியாணமோ, பையனுக்குக் காலேஜ் சம்பளமோ, 2,000 ரூபாய் தள்ளி 8,000-க்குச் சீட்டை எடுத்துக்கொண்டு போகிறார். தள்ளின தொகைதான் அவர் கொடுக்கும் வட்டி. வட்டி என்ற சொல்லே அங்கே எழாது.

கஜானா உண்டியலும் அப்படியே. அதில் வட்டி விகிதம் எதுவும் எழுதியிருக்காது. மூன்று மாதம் கழித்து 100 ரூபாய் தருகிறேன், இன்று எவ்வளவு தருவீர்கள் என்று சர்க்கார் கேட்கிறது. ஏலச்சீட்டில் அவசரக்காரர்கள் பலர், பணம் ஒன்று. இங்கே அவசரக்காரர் ஒருவர், பணமூட்டைகள் பல. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. இங்கே குறைவாகத் தள்ளுகிறவருக்கு உண்டியல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்க்காருக்கு 10,000 கோடி வேண்டும். ஒரு பாங்கி 4,000 கோடிக்கு 98 ரூபாய் 60 காசு என்கிறது. இன்னொன்று 3,500 கோடிக்கு 98.50. மூன்றாவது 5,000 கோடிக்கு 98.40. மேலிருந்து கணக்கெடுத்துக்கொண்டு வந்தால் முதல் இருவருக்கும் முழுதும் கிடைக்கும். மூன்றாமவருக்கு மிச்சமுள்ள 2,500 கோடிதான். 98.40 என்ற விலையில் கத்தி விழுந்துவிட்டது. 91 நாளில் 1 ரூபாய் 60 காசு லாபம் என்றால், வருஷக் கணக்கில் சுமார் ஆறரை சதவீதம்.

இங்கே ஒரு தர்மசங்கடம். அவரவர் சொன்ன விலையை அவரவரிடம் வாங்குவதா? அல்லது எல்லோருக்கும் அந்தக் கடைசி 98.40-ஐயே போட்டுவிடுவதா? முதல் வழியில் தாராளமாகக் கேட்டவர் தண்டம் கட்டுகிறார். ஆகவே அடுத்த வாரம் அவர் பயந்து பயந்து கேட்பார். இரண்டாவது வழியில் சர்க்காருக்கு அன்றைக்கு நஷ்டம். ஆனால் பயம் தெளிந்து நாலு பேர் கூடுதலாக வருவார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இரண்டாவது வழியே நல்லது என்று வெகுகாலம் வாதாடினார். 1991-ல் நியூயார்க்கில் ஸாலமன் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனி, ஒருவர் 35 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்ற விதியைத் தாண்டுவதற்காக, வாடிக்கைக்காரர்களின் பேரில் அவர்களுக்கே தெரியாமல் ஏலம் கேட்டு அகப்பட்டுக்கொண்டது. பினாமி பேரில் சீட்டு எடுக்கும் வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சர்க்காருக்கு மூன்று மாதக் கடன் எதற்கு? வரவும் செலவும் ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான் காரணம். அந்தக் காலத்து மதுரை ஜில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ல் பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்கு வந்தபிறகு மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. தை அறுவடை முடிந்தால்தான் குடியானவன் கையில் காசு. அதன் பிறகுதான் தாலுகாக் கச்சேரியில் கிஸ்தி. ஆனால் போலீஸ்காரருக்கும் வாத்தியாருக்கும் மாதா மாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் அந்தக் கிஸ்திப் பணத்தை வைத்து லண்டனிலும் ஓர் ஏலம் நடத்தினார்கள். இந்தியா மந்திரிக்கு அங்கே பவுன் தேவை: பென்ஷன், கடன் வட்டி இத்யாதி. இந்தியாவில் பருத்தியும் எண்ணெய் வித்தும் வாங்கும் வியாபாரிகளுக்கு ரூபாய் தேவை. ஆகவே கல்கத்தா, பம்பாய், சென்னைக் கஜானாக்களில் ரூபாய் பெற்றுக்கொள்ளும்படி கவுன்சில் உண்டியல்கள் எழுதி, பாங்க் ஆப் இங்கிலாந்தில் புதன்கிழமை தோறும் டெண்டர் மூலம் விற்றார்கள். குடியானவன் கட்டின வரி, ஏற்றுமதி வியாபாரியின் கைக்குப் போய், அவனுடைய பருத்திக்கே விலையாகத் திரும்பி வந்தது. இந்த சாமர்த்தியத்தைப் புகழ்வதா, வைவதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. இன்று ரிசர்வ் பாங்கி கஜானா உண்டியலை ஏலம் விடுவதும் வழக்கமாகப் புதன்கிழமையில்தான். அது வெறும் தற்செயலாகவே இருக்கட்டும்.

கஜானா உண்டியல் என்ற சரக்கை இன்றைய உருவத்தில் உண்டாக்கியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது எழுதுகிறவர்கள் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய சங்கதி. 'எகானமிஸ்ட்' பத்திரிகையின் வால்டர் பாஜட்தான் அவர். வியாபாரிகளின் உண்டியலுக்கு லண்டனில் இருக்கும் மதிப்பைப் பார்த்து, சர்க்காரும் அதே ஜாடையில் ஒன்று எழுதினால் என்ன என்று யோசனை சொன்னார். 1877-ல் சட்டம் வந்தது. அதே வருஷம் அவர் காலமானார்.

இந்தியாவுக்கு அது வந்தது நாற்பது வருஷம் கழித்து, 1917 அக்டோபரில். முதல் மகாயுத்தம். பிரிட்டிஷ் பட்டாளத்துக்காக இங்கே செலவு. அதற்கு ஈடு லண்டனில் பவுனாக வரவு. பவுனைக் காட்டிச் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? ரூபாய் அடிக்க வெள்ளி இல்லை. ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கினார்கள். நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு வந்தது; அடுத்த ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டு என்ற விசித்திரப் பிராணி. 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கிச் சுமார் 20 கோடி அவுன்ஸ் அனுப்பிக் காப்பாற்றியது. அந்தத் தத்தளிப்பில் பிறந்ததுதான் நம் கஜானா உண்டியல்.

பிற்பாடு அது பாங்கிகளுக்கும் உபயோகமாயிற்று. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை விளைச்சலை வாங்கப் பணம் கிராமங்களுக்கு ஓடும். மந்த காலத்தில் அதே பணம் திரும்பி வந்து பாங்கியில் தூங்கும். நம் பக்கத்துக் கரிசல் பருத்திக்குப் பருவம் சற்றுப் பின்தங்கினாலும் சூத்திரம் ஒன்றுதான். தூங்கும் பணத்துக்கு மூன்று மாதப் பாய், கஜானா உண்டியல்.

இனி மயக்கத்தின் கதை. மதுரைச் சொக்கநாதர் குலபூஷண பாண்டியனுக்கு உலவாக்கிழி கொடுத்த திருவிளையாடல் தெரிந்திருக்கும். நாட்டிலே பஞ்சம், பொக்கிஷம் காலி. இறைவன் கனவிலே சித்தராக வந்து ஒரு பணமுடிப்பைக் கொடுக்கிறார். எவ்வளவு எடுத்தாலும் குறையாது.

இந்திய சர்க்காருக்கு அந்த முடிப்பு கிடைத்தது 1955 ஜனவரியில். ரிசர்வ் பாங்கியும் நிதி இலாகாவும் ஒரு கடிதப் போக்குவரத்தில் முடித்துக்கொண்ட ஏற்பாடு. பாங்கியில் சர்க்கார் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் 50 கோடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால், சர்க்காரின் பேரில் 91 நாள் உண்டியல் ஒன்று தானாகவே உண்டாகும். ரிசர்வ் பாங்கியே அதை வாங்கிக்கொண்டு கணக்கை நிரப்பிவிடும். 'அட்ஹாக்' உண்டியல் என்று பெயர். ஏலம் இல்லை, விலை பேசுவது இல்லை. ஒரு பேரேட்டில் வரவு, மறு பேரேட்டில் பற்று. அச்சாபீஸில் நோட்டு. 91 நாள் ஆனதும் பழைய உண்டியல் போய்ப் புது உண்டியல் வரும். உச்சவரம்பு என்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்நாளைய நிதி மந்திரி ஸி.டி. தேஷ்முக் சாமானியர் அல்ல. தாமே ரிசர்வ் பாங்கிக் கவர்னராக இருந்தவர். ஏதோ நிர்வாக வசதி, தற்காலிகம் என்றுதான் ஆரம்பித்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணை கட்ட வேண்டும், இரும்பாலை வேண்டும் என்ற காலம். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திலேயே 1,200 கோடியைப் பற்றாக்குறை மூலம் சமாளிப்பதாக வெளிப்படையாக எழுதினார்கள்.

ஆனால் தானாக நிரம்பும் பானை வீட்டிலிருக்கும்போது கிணற்றுக்குப் போவானேன்? வெளியே நடந்து வந்த ஏலமும் 1965 ஏப்ரலில் நின்றது. ஜூலையிலிருந்து குறித்த விலைக்கு, கேட்கும்போதெல்லாம் விற்பது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டாப்', அதாவது குழாய். 1974 ஜூலையில் விகிதத்தை 4.6 சதவீதம் என்று வைத்தார்கள். அந்த வருஷம் விலைவாசி சுமார் 25 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அரிசிக் கடையில் நின்ற குமாஸ்தாவும், தபாலாபீஸில் பணம் போட்டு வைத்த விதவையும் அந்த வித்தியாசத்தைக் கட்டினார்கள். எந்தச் சட்டசபையும் அந்த வரியை விதிக்கவில்லை. எந்தத் தாசில்தாரும் ரசீது கொடுக்கவில்லை. 4.6 மட்டும் 1991 வரை அசையாமல் இருந்தது.

ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார்கள் இதைவிட நன்றாக நடத்தினார்கள். மாதந்தோறும் கோயிலில் கூடி, பணத்தின் வரத்தையும் தேவையையும் பார்த்து நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். வட்டி என்பது ஊர் நிலவரத்தைச் சொல்லும் வார்த்தை. அதைப் பதினேழு வருஷம் வாய் கட்டி வைத்தது டில்லி.

சுகமய் சக்கரவர்த்தியின் தலைமையில் ஒரு கமிட்டி 1985-ல் இதையெல்லாம் எடுத்துச் சொன்னபிறகு கொஞ்சம் கொஞ்சமாக விழிப்பு வந்தது. 1986 நவம்பரில் 182 நாள் உண்டியலுக்கு ஏலம் ஆரம்பம். 1992-ல் 364 நாள். 1993 ஜனவரியில் 91 நாள் உண்டியலும் ஏலத்துக்குத் திரும்பியது. ஆனால் முடிப்பு இன்னும் பாண்டியன் கையில்தான் இருந்தது.

அதைத் திருப்பி வாங்கியவர்களில் முக்கியமானவர் அரியலூரில் பிறந்த ஸி. ரங்கராஜன். அவர் ரிசர்வ் பாங்கிக் கவர்னராகவும் மன்மோகன் சிங் நிதி மந்திரியாகவும் இருந்தபோது, 1994 செப்டம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. அந்த வருஷக் கடைசியில் அட்ஹாக் கடன் 6,000 கோடிக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. நடுவிலே 9,000 கோடியைத் தாண்டிப் பத்து வேலை நாள் நின்றால், ரிசர்வ் பாங்கி உண்டியலைச் சந்தையில் விற்றுவிடும். ஒரு கவர்னர், தன்னை நியமித்த ராஜாங்கத்திடம் போய், இதற்கு மேல் கிடையாது என்று எழுதி வாங்குவது லேசான காரியமா? மூன்று வருஷத்தில் ஒழிப்பது என்று பேச்சு, அப்படியே நடந்தது. மந்திரிசபை மாறி, சிவகங்கைச் சீமைக்காரரான ப. சிதம்பரம் நிதி மந்திரியாயிருந்த 1997 மார்ச்சில் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தாகி, அம்மாத முடிவோடு அட்ஹாக் உண்டியல் மறைந்தது. அன்றைக்கு, குழாய் உண்டியல்களையும் சேர்த்து, ரிசர்வ் பாங்கியிடம் குவிந்திருந்த காகிதம் ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதை அதே 4.6 சதவீதத்தில், தவணையே குறிக்காத பத்திரமாக மாற்றி மூட்டை கட்டினார்கள். 91 நாளில் தீர வேண்டிய கடன்!

இப்போது கைமாற்று உண்டு. ஆனால் வரம்பு போட்டது, தவணையில் திருப்பிக் கட்ட வேண்டியது. வரம்பைத் தாண்டினால் வட்டி கூடும். 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல் சர்க்கார் கடன் பத்திரத்தை ரிசர்வ் பாங்கி நேரடியாக ஏலத்தில் வாங்குவதும் பொதுவாகத் தடை. அசாதாரண நெருக்கடிகளுக்கு மட்டும் சட்டத்திலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விலக்குகளைப் படிக்கும்போது குலபூஷணன் ஞாபகம் எனக்கு வராமல் போவதில்லை.

ஒரு விஷயம் பாக்கி. 2021 நவம்பர் முதல், தனி மனிதர்களும் ரிசர்வ் பாங்கியிலேயே நேராகக் கணக்கு வைத்து இந்த ஏலத்தில் கலந்துகொள்ளலாம். 10,000 ரூபாய் இருந்தால் போதும். விலை கேட்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை. பெரிய பாங்கிகள் மோதிக்கொண்டு முடித்த விலைகளின் சராசரியில் அவர்களுக்கு உண்டியல் கிடைக்கும். வடக்குமாசி வீதியில் இருக்கும் ஒரு பென்ஷன்காரர் புதனன்று பேர் கொடுத்தால், வழக்கமாக வியாழக்கிழமை உண்டியல் அவர் கணக்கில் சேரும். பதின்மூன்று வியாழக்கிழமை கழித்து நூற்றுக்கு நூறு.