மோன்ராஷே

மோன்ராஷே: பிரான்சின் பர்கண்டி பகுதியில், ஷார்டனே திராட்சையிலிருந்து மட்டும் தயாரிக்கப்படும் அரிய வெள்ளை ஒயின். பெயரின் பொருள் மொட்டைக் குன்று. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மரங்கள் அதிகம் வளராததால் வந்த பெயர்.

இடம்: கோத் த போன் சரிவில், புலினி, ஷசாஞ் ஆகிய இரு ஊர்களின் எல்லையில் உள்ள தோட்டம். பரப்பு ஏறத்தாழ 8 ஹெக்டேர். அதையும் பல உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொண்டிருப்பதால் ஒயின் அரிதாகவே கிடைக்கிறது. விலையும் மிக அதிகம். 1937-இல் ‘கிராண்ட் குரு’ என்னும் உயர்தகுதி பெற்றது. அதற்கு முன்பே, தோட்டத்தின் புகழால் இரு ஊர்களும் தம் பெயருடன் மோன்ராஷேயைச் சேர்த்துக்கொண்டன.

தயாரிப்பு: சாறு ஓக் பீப்பாய்களில் நொதித்து, ஈஸ்ட் வண்டலுடனேயே மாதக்கணக்கில் ஊறுகிறது. கூர்மையான மாலிக் அமிலம் பாக்டீரியாவால் மென்மையான லாக்டிக் அமிலமாகிறது. வெண்ணெய் மணமும் வழவழப்பும் இவ்வாறு சேர்கின்றன.

சுவை: இளமையில் வெளிர்பொன் நிறம், எலுமிச்சைத் தோல், வெள்ளைப்பூ மணம், சற்று இறுக்கம். பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பாதாள அறையில் கிடந்தபின் நிறம் அடர்ந்து, தேன், வறுத்த பாதாம், வெண்ணெய் மணங்கள் மலர்கின்றன. தேன் மணம் இருந்தாலும் இது இனிப்பு ஒயின் அன்று. வாய் நிறையும் கனம், அதைத் தாங்கும் புளிப்பு, விழுங்கியபின்னும் நெடுநேரம் நாவில் நிற்கும் சுவை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இணைவதே இதன் மேன்மை. அதிகக் குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் ஏற்றது.