பண்ணைக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் நடுவே

பொம்மை விலங்குகள் நிறைந்த ஒரு பெட்டியைத் திறந்தால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி இருக்கும். பசு, குதிரை, ஆடு இருக்கும். தவளையோ வௌவாலோ கீரியோ கிடைப்பது அரிது. பெட்டி லண்டனில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் நெடுங்காலம் இதே கதைதான். குழந்தைகளுக்குச் சிங்கம் பிடிக்கும், அதனால் சிங்கம் செய்தார்கள் என்று காரணம் சொல்லி முடித்துவிடலாம். பொம்மைத் தொழிலின் வரலாறோ வேறு காரணத்தைக் காட்டுகிறது. விலங்குப் பொம்மை வார்த்தவர்கள் உயிருலகத்தை இரண்டாகப் பிரித்து விற்றார்கள்: மனிதனுக்கு அடங்கிய பண்ணை ஒன்று, மனிதன் கூண்டில் அடைத்த தூரதேசக் காடு மற்றொன்று. வேலிக்கு வெளியே, வீட்டுக்கு அருகிலேயே, யாருக்கும் அடங்காமல் வாழும் உயிர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் பரவிய சொந்த மண்ணின் காட்டுயிர்ப் பொம்மைகள் இந்த மூன்றாவது இடத்தை நிரப்பின. அவற்றை நாட்டுப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தைத் தவறவிடுகிறார்கள்.

தொழிலின் தொடக்கத்தில் இந்தப் பிரிவினை இல்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், ஏர்ட்ஸ்கெபிர்கே மலைகளில் ஸைஃபன் என்ற ஊர் உண்டு. வெள்ளீயச் சுரங்கத் தொழில் நொடித்துப்போக, ஊரார் மரக்கடைசலுக்கு மாறினார்கள். 1800ஐ ஒட்டி அங்கே ஒரு நுட்பம் உருவானது. ஈரம் காயாத ஸ்புரூஸ் மரத்தை வளையமாகக் கடைவார்கள். அந்த வளையத்தைக் குறுக்கே பிளந்தால் வெட்டுமுகத்தில் குதிரையோ யானையோ பக்கவாட்டில் தெரியும். துண்டு துண்டாகப் பிளக்கப் பிளக்க, ஒரே வளையத்திலிருந்து பல பத்து விலங்குகள் வரும். கடையும்போது உருவம் கடைபவரின் கண்ணுக்குத் தெரியாது, கைப்பழக்கமே துணை. இப்படிப் பிறந்த விலங்குகளில் பல நோவாவின் பேழைப் பொம்மைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை விளையாடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த கிறித்தவ வீடுகளிலும், விவிலியக் கதை என்பதால் பேழைக்கு விலக்கு உண்டு. எல்லா உயிர்களும் ஏறவேண்டிய கப்பல் அது. ஆகவே பெரிய தொகுப்புகளில் பறவைகளோடு பூச்சிகளும் இருந்தன. யானைக்கும் பூச்சிக்கும் அளவு பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

அளவு பார்க்கும் வழக்கம் ஈயப் பொம்மையோடு வலுப்பெற்றது. லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதை வெளியே கொட்டிவிடும் முறை அது. உலோகம் மிச்சம், விலையும் மலிவு. முதலில் இப்படி வார்க்கப்பட்டவர்கள் போர்வீரர்கள். ஒரு வீரனின் உயரம் 54 மில்லிமீட்டர். உண்மை அளவில் ஏறக்குறைய 32இல் ஒரு பங்கு. முதல் உலகப்போருக்குப் பின் போர்ப் பொம்மைகளுக்கு மவுசு குறைந்தபோது நிறுவனம் பண்ணைத் தொகுப்பை இறக்கியது. மிருகக்காட்சிசாலைத் தொகுப்பு பின்னால் வந்தது. வீரனின் அளவே ஏறத்தாழ விலங்குகளுக்கும் அடிப்படையானது. மாட்டுக்கும் யானைக்கும் அந்தக் கணக்கு ஒத்துவந்தது. ஆறு சென்டிமீட்டர் தவளையை அந்தக் கணக்கில் சுருக்கினால் 2 மில்லிமீட்டர்தான் வரும். அதை வார்க்கவும் முடியாது, வார்த்தாலும் விற்க முடியாது. வீட்டைச் சுற்றி வாழும் காட்டுயிர்களில் பெரும்பாலானவை சிறியவை. குழந்தையிடம் யாரும் விருப்பம் கேட்பதற்கு முன்பே அச்சின் கணக்கு அவற்றை ஒதுக்கிவிட்டது.

இந்த ஒதுக்கலின் விளைவு, குழந்தைகளின் மனச் சிகிச்சைக்குப் பயன்படும் மணல்தட்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. எச். ஜி. வெல்ஸ் தம் மகன்களோடு தரையில் பொம்மை நகரங்கள் கட்டி விளையாடியதைப் பற்றி 1911இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதை நினைவில் வைத்திருந்த குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், 1928இல் லண்டனில், மனநெருக்கடியில் இருந்த குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சையகம் தொடங்கினார். அடுத்த ஆண்டு, துத்தநாகத் தட்டில் மணலும் பக்கத்தில் தண்ணீரும் சிறுபொம்மைகள் நிறைந்த அலமாரியும் அங்கே வைக்கப்பட்டன. குழந்தைகள் தாமாகவே பொம்மைகளை மணலுக்குக் கொண்டுபோய் வைத்து, அதற்கு ‘உலகம்’ என்று பெயரிட்டார்கள். மருத்துவர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த உலகத்தின் உயிர்கள் அன்றைய கடையில் கிடைத்தவை. வீட்டு விலங்கு, காட்டு விலங்கு என்ற இரண்டே வகை. வியன்னாவின் உளவியலாளர் ஷார்லோட் ப்யூலர் இந்த முறையைச் சோதனையாக மாற்றியபோது, விலங்குகள் கடித்துக்கொள்ளும் காட்சிகள் போன்றவை ஆவேசத்தின் அறிகுறிகளாக எண்ணப்பட்டன. பண்ணை என்றால் பாதுகாப்பு, காடு என்றால் ஆபத்து என்ற பாகுபாட்டுக்குப் பொம்மைத் தொகுப்பே இடம் கொடுத்தது. பக்கத்திலேயே இருந்தும் கிட்டே வராதது, ஒளிந்திருந்து பார்ப்பது, இரவில் மட்டும் நடமாடுவது ஆகிய மனநிலைகளைக் குழந்தை காட்ட விரும்பினால், அதற்கேற்ற உயிர் அலமாரியில் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லோவன்ஃபெல்டிடம் பயின்ற சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப், யுங்கின் உளவியலோடு இந்த முறையை இணைத்தார். 57 சென்டிமீட்டருக்கு 72 சென்டிமீட்டர் அளவுள்ள, உட்புறம் நீலம் பூசிய தட்டு அவருடையது. மணலை ஒதுக்கினால் நீர் தெரியும். அந்த மரபின்படி சிங்கமும் பாம்பும் எல்லா மனிதருக்கும் பொதுவான ஆழ்மனப் படிமங்கள். எந்த ஊர்க் குழந்தைக்கும் அவை பேசும். உளவியலாளர் கவாய் ஹயாவோ 1965இல் இந்த முறையை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். பெட்டிக்குள் சிறு தோட்டம் அமைக்கும் பழைய மரபு அங்கே முன்பே இருந்ததால் அது வேகமாக வேரூன்றியது. ஜப்பானின் சொந்த விலங்குகள் பொம்மையாகப் பரவுவதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் முந்திய காலம் அது. ஆகவே, மண்ணின் பொம்மை இல்லாவிட்டால் சிகிச்சை பலிக்காது என்று வாதிட்டால் எடுபடாது. சிங்கத்தை அகற்ற வேண்டும் என்பதும் என் வாதமன்று. சிங்கத்தைப் பெரும்பாலான குழந்தைகள் படத்தில் அறிகிறார்கள்; தவளையைக் காதாலும் கண்ணாலும் சில சமயம் கையாலும் அறிகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அறிவு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பெட்டியில் அறிந்ததும் மண்ணில் அறிந்ததும் வேறுபடுவதை ஆஸ்திரேலியாவில் முயலின் கதை விளக்கும். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைக்காக விக்டோரியாவில் காட்டுமுயல்களை விட்டார். சில பத்தாண்டுகளில் அவை கண்டத்தையே அரிக்கும் கொள்ளைநோயாயின. உணவுக்கும் வளைக்கும் அவற்றோடு போட்டியிட முடியாமல் நலிந்த உயிர்களில் நீண்ட காதுடைய பில்பியும் ஒன்று. பிரிட்டிஷ் பண்ணைப் பெட்டியில் சாதுவான முயல், இங்கே அழிப்பவன். 1990களில் ஈஸ்டர் முயலுக்கு மாற்றாகச் சாக்லேட் பில்பி விற்பனைக்கு வந்தது. 1995இல் கேட்பரி நிறுவனம், பிரைஸ் கோர்ட்னியும் ஜெஃப் பைக்கும் உருவாக்கிய ‘யோவி’ சாக்லேட்டை வெளியிட்டது. உள்ளே ஒரு குப்பி. அதற்குள் பூட்டிச் சேர்க்கவேண்டிய ஒரு விலங்கும், அதைப் பற்றிய துண்டுத்தாளும். 32இல் ஒரு பங்கு என்ற விதி இங்கே செத்தது. குப்பிக்குள் அடங்குவதே அளவு என்றானபின் தவளையும் திமிங்கிலமும் ஒரே உயரம். பேழையில் ஒருகாலத்தில் இருந்த சுதந்திரம் சாக்லேட் வழியே திரும்பி வந்தது.

ஜப்பானில் 1999இல் ஒசாகாவின் ஃபுருதா மிட்டாய் நிறுவனம், கையோதோ என்ற மாதிரிப் பொம்மை நிறுவனத்தோடு சேர்ந்து ‘சாக்கோ எக்’ என்ற, உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டையை வெளியிட்டது. மட்சுமுரா ஷினோபு வடித்த ஜப்பானிய விலங்குகள் நுணுக்கத்தில் அருங்காட்சியக மாதிரிகளுக்கு ஈடுகொடுத்தன. பெரியவர்களே பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். இது வெறும் வியாபாரம், உள்ளே என்ன இருக்கிறது என்று மறைத்து மீண்டும் மீண்டும் வாங்கவைக்கும் தந்திரம் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். எது அரியது என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை, தொழிற்சாலை தீர்மானித்தது. முதல் தொகுப்பில் பட்டியலில் சொல்லாமல் ஒளித்துவைத்த உருவம் ட்சுச்சினோகோ என்ற, கட்டுக்கதையில் மட்டுமே வாழும் பாம்பு. ஆனால் இந்தத் தந்திரத்துக்கு யாரும் எதிர்பார்க்காத பலன் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் வார்க்கும் உலோக அச்சு விலை மிக்கது. பல்லாயிரம் விற்றால்தான் போட்ட பணம் தேறும். பார்த்துப் பொறுக்கும் உரிமை இருந்தால் வாங்குபவர் சிங்கத்தை எடுப்பார், சலமாண்டர் தேங்கிப்போகும். பொறுக்க முடியாதபோது எந்த உயிரும் தேங்காமல் விற்கும். யாரும் கேட்டு வாங்காத உயிர்களின் அச்சுக்குப் பணம் கொடுத்தது அந்த மறைப்புதான். பின்னர் அந்த வழி குறுகியது: ஃபுருதாவும் கையோதோவும் 2002இல் பிரிந்தன, கேட்பரி 2005இல் யோவியை நிறுத்தியது.

எது சொந்த மண்ணின் விலங்கு என்பதும் தெளிவற்றதே என்று கேட்கலாம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு கடல்கடந்து வந்த டிங்கோ நாய் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமா, அயலா? பிறப்பிடத்தைக் கொண்டு எல்லை போட்டால் இந்தக் கேள்வி தீராது. நான் சொல்லும் மூன்றாவது இடத்துக்கு அளவுகோல் வேறு: மனிதரின் அருகே, மனிதரின் பிடிக்கு வெளியே வாழ்வது. நம் நவராத்திரிக் கொலுவிலும் இந்த வெற்றிடம் உண்டு. படிகளுக்கு முன்னால் குழந்தைகள் மணல் பரப்பிக் குன்றும் குளமும் அமைக்கும் பூங்காவில், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வரிக்குதிரை நிற்கும். அணிலும் கீரியும் உடும்பும் பெரும்பாலும் இருக்காது. ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் இதற்குச் சாக்லேட் நிறுவனத்தின் பெருவிற்பனையை நம்பவேண்டியிருந்தது. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் களிமண்ணும் காகிதக்கூழும் கொண்டு பொம்மை செய்பவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர்களுடைய அச்சு மலிவு. சில நூறு உருவங்கள் விற்றாலே போட்ட பணம் கைக்கு வரும். பெட்டியில் தவளை இல்லாமல் போனது குழந்தையின் ரசனையால் அல்ல, அச்சின் செலவால் என்றால், செலவு குறைவாக இருக்கும் இடத்தில் அந்தக் காரணத்தை இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.