கண்ணாடியின் ஊசலாட்டமும் இமாம் பல்கீயின் மருத்துவமும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய வட ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. தத்துவ அறிஞர் அல்கிந்தீயிடம் பாடம் கேட்டவர். புவியியல், இலக்கியம், மருத்துவம் எனப் பல துறைகளில் நூல்கள் எழுதியவர். ஹிஜ்ரி 322 இல், அதாவது கி.பி. 934 இல் காலமானார். அவருடைய தோற்றத்தை வரலாற்றாசிரியர் யாகூத் அல்ஹமவீ தமது அறிஞர் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். நடுத்தர உயரம், மெலிந்த உடல், வெளிறிய மாநிறம், பிதுங்கிய கண்கள், முகத்தில் அம்மைத் தழும்புகள். அதே பதிவு அவரை அதிகம் பேசாதவர் என்றும், கம்பீரமும் மதிப்பும் மிக்கவர் என்றும் கூறுகிறது.

அம்மைத் தழும்பு கொண்ட இந்த மனிதர்தாம், உள்ளத்தின் நோய்களுக்கு முறையான மருத்துவம் உண்டு என்று எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர். தம் தோற்றத்தை எண்ணி எண்ணி உருகும் இளைஞர்களும் இளம்பெண்களும் நம் வீடுகளில் இருக்கும் இக்காலத்தில், அவருடைய எழுத்தை நினைவுகூர்வது பயனுடையது.

தோற்றம் குறித்த சிறு மனக்குறை பெரும்பாலோருக்கு உண்டு. இங்கு நாம் பேசுவது அதுவன்று. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் பொருட்படுத்தத் தகாத ஒரு குறையை ஒருவர் தம் முகத்திலோ உடலிலோ கண்டு, அதைப் பற்றியே நாளின் பல மணி நேரத்தைச் சிந்தித்துக் கழிப்பதைப் பற்றியே பேசுகிறோம். மீண்டும் மீண்டும் கண்ணாடி பார்த்தல், அல்லது கண்ணாடியையே தவிர்த்தல், மூக்கையும் தோலையும் தடவிப் பார்த்தல், 'நான் விகாரமாக இருக்கிறேனா?' என்று வீட்டாரை ஓயாமல் கேட்டல், நிகாஹ் விருந்துக்கும் கல்லூரிக்கும் ஏன் ஜும்ஆவுக்கும்கூடச் செல்லாமல் ஒதுங்குதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 1891 இல் இதற்கு ஒரு பெயரிட்டார். 1987 இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்கும் இந்நோய் பெண்களை மட்டும் தாக்குவதன்று. தசை போதவில்லை, உடல் சிறுத்துவிட்டது என்று வருந்தி அலையும் ஆண்பிள்ளைகளும் இதில் அடங்குவர்.

இந்த நோயில் வீழ்ந்தவர் நம் சமூகத்தில் வழக்கமாகக் கேட்பது இரண்டே பதில்கள். ஒன்று, 'அல்லாஹ் படைத்த வடிவத்தைக் குறை சொல்லலாமா? உன் ஈமானைச் சரிசெய்' என்ற கண்டிப்பு. மற்றொன்று, 'உனக்கு என்ன குறை? அழகாகத்தானே இருக்கிறாய்' என்ற ஆறுதல். முதலாவது நோயின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றுகிறது. இரண்டாவது சில நிமிடங்களுக்கு மட்டும் நிம்மதி தருகிறது. பின்னர் அதே கேள்வி மீண்டும் எழுகிறது. நம் மரபு இவ்விரண்டோடு நின்றுவிட்டதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சபையைப் பார்ப்போம். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) மெலிந்த கால்களை உடையவர். ஒருமுறை மிஸ்வாக் குச்சி பறிக்க மரமேறியபோது காற்றில் ஆடை விலகி அவருடைய கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்தார்கள். சிரிப்பின் காரணத்தைக் கேட்டறிந்த நபியவர்கள், அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று கூறிச் சபையைத் திருத்தினார்கள். இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. ஸாஹிர் (ரலி) என்ற பாலைவாசித் தோழர் தோற்றப் பொலிவு இல்லாதவர். கடைவீதியில் பொருள் விற்றுக்கொண்டிருந்த அவரை நபியவர்கள் பின்புறமாக வந்து அணைத்துக்கொண்டு, 'இந்த அடிமையை யார் வாங்குவார்?' என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தம்மை யாரும் விலைகொடுத்து வாங்கமாட்டார்கள் என்று அவர் சொன்னபோது, அல்லாஹ்விடத்தில் அவர் விலைமதிப்பு மிக்கவர் என்று பதிலளித்தார்கள். திர்மிதீயின் ஷமாயில் நூல் இதைக் கூறுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. கால் மெலிந்தது என்பதை நபியவர்கள் மறுக்கவில்லை. ஸாஹிரிடம் 'நீர் பேரழகர்' என்று இல்லாததைச் சொல்லவுமில்லை. தோற்றத்தைப் பற்றிய வாதத்திலேயே இறங்காமல், அளவுகோலையே மாற்றினார்கள். கேலியை நிறுத்தினார்கள், சந்தையில் பலரறிய அணைத்துக்கொண்டார்கள். குடும்பமும் ஜமாஅத்தும் கற்க வேண்டிய முதற்பாடம் இது. கறுப்பி, குண்டன், பல்லன் என்று பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கத்தை ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்க, நாம் அதைச் செல்லம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆயினும் அந்தத் தோழர்கள் நோயுற்றவர்கள் அல்லர். கேலி நின்ற பிறகும், அன்பு கிடைத்த பிறகும், உள்ளே எழும் குரல் ஓயாதவருக்கு என்ன வழி? இங்குதான் பல்கீயின் நூல் துணைக்கு வருகிறது.

'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அந்நூலின் பெயர். 'உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை' என்று பொருள் கொள்ளலாம். அதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புலின் அயாசோஃபியா நூற்சேகரத்தில் பாதுகாக்கப்பட்டு, 1984 இல் அறிஞர் ஃபுஆத் ஸெஸ்கினின் முயற்சியால் அச்சில் வந்தது. உள்ளம் பற்றிய பகுதியை சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013 இல் வெளியிட்டார். நூலின் முதற்பகுதி உடலைப் பற்றியது. இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றியது. மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகிறார்கள் என்பது பல்கீயின் குறை. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன்; ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் நலிவுறும் என்பது அவர் வாதம்.

உள்ளத்தின் துன்பங்களை அவர் நான்காகப் பிரித்தார்: கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்னும் ஊசலாட்டம். நான்காவதைப் பற்றி அவர் எழுதியவை வியப்பூட்டுபவை. உண்மையில்லாத, ஆனால் விடாமல் துரத்தும் எண்ணங்கள்; வாழ்வின் இன்பங்களைத் துய்க்க விடாதவை; கையில் எடுத்த வேலையை முடிக்க விடாதவை என்று அவற்றை விளக்குகிறார். தோற்றக் கவலையைத் தனி நோயாக அவர் குறிப்பிடவில்லை. ஆனால் இன்றைய மருத்துவம் அதை வைத்திருப்பது இதே ஊசலாட்ட நோய்களின் குடும்பத்தில்தான். ஆகவே அவர் சொன்ன மருந்து இதற்கும் பொருந்துகிறது.

அந்த மருந்து இருவகைப்பட்டது: வெளியிலிருந்து வருவது, உள்ளிருந்து எழுவது. வெளி மருந்தில் முதலாவது தனிமையைத் தவிர்ப்பது. தனித்திருப்பவனிடம் எண்ணங்கள் பெருகும். மக்களோடு கலந்திருப்பதும் ஒரு வேலையில் ஈடுபடுவதும் அவற்றின் வலிமையைக் குறைக்கும். நம்பத்தக்க ஒருவரின் அறிவுரையையும் அவர் வெளி மருந்தாகக் கருதினார். உள்ளம் கலங்கியிருக்கையில் அது தனக்குத்தானே மருத்துவம் பார்த்துக்கொள்வது கடினம். உள் மருந்தாவது, கெட்ட எண்ணத்தை எதிர்த்து நிற்கும் நல்லெண்ணங்களை மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வது. அவசரத்துக்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போன்றது அது. எண்ணத்தை எண்ணத்தால் எதிர்கொள்ளும் இம்முறையை, இன்றைய அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் முன்னோடியாக ஆய்வாளர்கள் காண்கின்றனர். தோற்றக் கவலை நோய்க்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவதும் அச்சிகிச்சையே. தேவைப்படின் மருத்துவர் மருந்தும் சேர்ப்பார்.

பல்கீக்குப் பின் வந்த இப்னு ஸீனாவைப் பற்றி, 12 ஆம் நூற்றாண்டின் பாரசீக எழுத்தாளர் நிஜாமீ அரூழீ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். புவைஹ் குலத்து இளவரசர் ஒருவர் தம்மைப் பசு என்றே நம்பினார். தம்மை அறுத்துச் சமைக்கும்படி கூவினார், உணவைத் தொடவில்லை. இப்னு ஸீனா கையில் கத்தியுடன் கசாப்புக்காரராக வந்தார். விலாவைத் தடவிப் பார்த்து, 'இது மிகவும் மெலிந்த பசு. நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள், பிறகு அறுக்கலாம்' என்றார். இளவரசர் உண்ணத் தொடங்கினார். உணவோடு மருந்தும் உள்ளே சென்றது. ஒரு மாதத்தில் அவர் குணமடைந்தார் என்பது கதை. இந்த உத்தியை இன்று யாரும் கையாள வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அந்த மருத்துவர் நோயாளியை எள்ளவில்லை, ஈமானைச் சோதிக்கவில்லை, 'நீர் மனிதர்தாம்' என்று வாதாடவும் இல்லை. நோயாளி நிற்கும் இடத்துக்கு முதலில் தாம் சென்றார்.

இந்த அணுகுமுறை தனிமனிதரோடு நின்றுவிடவில்லை. 1154 இல் நூருத்தீன் ஸன்கீ டமாஸ்கஸிலும், 1284 இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவிலும் நிறுவிய மருத்துவமனைகள் வக்ஃபு வருவாயில் இயங்கி, மனநோயாளரையும் ஏற்றன. 1354 இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றுகள் இருந்தன. 1488 இல் எதிர்னே நகரில் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் வாரம் மும்முறை நோயாளிகளுக்காக இசைக்கப்பட்டது என்று பயணி எவ்லியா செலெபி எழுதினார். மறுபக்கமும் உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் பாக்தாத் சென்ற யூதப் பயணி பெஞ்சமின், அங்கு மனநோயாளர் இரும்புச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். பொற்காலம் என்று மட்டும் சொல்லி அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனநோயாளருக்கு மருத்துவச் செலவு செய்வது சமூகத்தின் கடமை, வக்ஃபின் கடமை என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. இன்று அதே எண்ணம் நம் மஹல்லாக்களில் எந்த அளவு உள்ளது?

ஆகவே, பிள்ளை கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாலோ, வெளியே வர மறுத்தாலோ பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, குறுக்கிடாமல் கேட்பது. பலமுறை உறுதி கூறுவதைவிட, 'இது உன்னை மிகவும் வருத்துகிறது என்பது புரிகிறது. இருவரும் சேர்ந்து ஒருவரிடம் கேட்போம்' என்ற ஒரு சொல் பயன்தரும். தோல் மருத்துவரிடமும் அழகு அறுவைச் சிகிச்சையிடமும் ஓடுவது பெரும்பாலும் இந்நோயைத் தீர்ப்பதில்லை. கவலை வேறோர் உறுப்புக்கு இடம்பெயரும். மனநல ஆலோசகரையோ உளமருத்துவரையோ நாடுவதே நேர்வழி. ஓதிப் பார்ப்பதும் துஆவும் அதற்குத் தடையல்ல. அது இவற்றுக்குத் தடையுமல்ல. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். இலங்கையில் 1926 என்ற அரச மனநல உதவி எண் உள்ளது. வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. இந்நோயில் அந்த ஆபத்து மெய்யானது.

பள்ளிவாசல் இமாம்களுக்கும் இதில் பங்குண்டு. இளைஞர் முதலில் வருவது பெரும்பாலும் அவர்களிடமே. வந்தவரைக் கண்டிக்காமல் கேட்டு, தகுந்த ஆலோசகரிடம் கைப்பிடித்து அனுப்புவது அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

ஒரு மூமின் மற்றொரு மூமினுக்குக் கண்ணாடி என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூதில் உண்டு. சுவரில் தொங்கும் கண்ணாடியைத் தம் நோய் மறைத்துவிட்டவருக்கு, சக மனிதரே கண்ணாடி. அம்மைத் தழும்போடு வாழ்ந்த பல்கீ, கலங்கிய உள்ளத்துக்கு இன்னொருவரின் துணை வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிவைத்தார். அத்துணையை நாடுவது ஈமானின் குறைவன்று. அதை நாடுவோருக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. நாடி வருவோரைக் கேலி செய்யாத நாவை நமக்கும் தருவானாக.