தூத்துக்குடி அரசியலில் கட்சிகளும் நலக்குழுக்களும்

தேர்தலில் நின்று ஆட்சியைப் பிடிக்க முயல்வது கட்சி. ஆட்சியில் அமராமலே தன் கோரிக்கையை ஆள்பவர் காதில் ஏற்றுவது நலக்குழு. அழுத்தக் குழு என்றும் சொல்வர். அமெரிக்க அரசியலைப் பற்றிய நூல்கள் இரண்டையும் சேர்த்தே பேசும். தம் நலத்துக்காகக் கூட்டுச் சேரும் குழுக்களை ஒழிக்க முடியாது, அவற்றின் தீமையை அடக்கத்தான் முடியும் என்று ஜேம்ஸ் மாடிசன் 1787-இல் எழுதினார். அந்த நாட்டில் கட்சிகள் தோன்றியது அதற்குப் பிறகுதான். தூத்துக்குடியைச் சேர்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. இங்கே கட்சி வருவதற்கு முன் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குழு அரசியல் நடந்திருக்கிறது.

அதன் முதல் வடிவம் கடல்தொழில் செய்யும் பரதவர் சமூகத்தின் ஊர் அமைப்பு. ஊருக்கு ஊர் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள், அவர்களுக்கு மேல் தூத்துக்குடியில் சாதித்தலைவர். முத்துப் பார்களில் சிப்பி விளைந்து சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்க வேண்டுமானால் தோணியும் குளியாட்களும் வேண்டும். அவர்களைத் திரட்டித் தரக்கூடியவர் சாதித்தலைவரே. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டி முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியபோது, பரதவர் தூதுக்குழு கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டது. அதற்கு ஈடாகக் கடற்கரை ஊர்கள் கத்தோலிக்க மதத்தைத் தழுவின. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து சேரும் முன்பே இது முடிந்துவிட்டது. இதை வெறும் மதமாற்றமாகப் படிப்பது போதாது. தொழிலைக் காக்க ஒரு சமூகம் ஒன்றுகூடி எடுத்த அரசியல் முடிவு அது.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கொடி மாறிக்கொண்டே இருந்தாலும் சலாபத்துக்காக ஒவ்வொரு ஆட்சியும் பேச வேண்டியிருந்தது சாதித்தலைவரிடம்தான். அவருக்குச் சிப்பியில் தனிப் பங்கும் கிடைத்தது. அந்தப் பங்கு குளியாளின் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. குழுவின் பேரால் பேசுபவருக்கும் குழுவுக்கும் இடையே உள்ள அந்தத் தூரம் இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்தைப் பருத்தி முந்தியது. இருப்புப்பாதை வந்தது, ஹார்வி சகோதரர்களின் கோரல் ஆலை எழுந்தது, கொழும்புக் கப்பல் வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் பிடியில் இருந்தது. ஆலை, கப்பல், கலெக்டர் அலுவலகம் மூன்றும் ஒரே வட்டத்து மனிதர்களின் கையில்.

இந்த வட்டத்தை உடைக்க வ.உ.சிதம்பரம் பிள்ளை செய்தது தமிழக அரசியலில் தனித்து நிற்கும் முயற்சி. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளர் வ.உ.சி. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் போட்டியை நசுக்கப் பார்த்தது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சியும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர், ஊர் மக்கள் நிதி தந்தனர். சில நாட்களிலேயே நிர்வாகம் கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இணங்கியது.

வணிகருக்கு ஒரு கம்பெனி, தொழிலாளிக்கு ஒரு போராட்டம், இரண்டுக்கும் மேலே காங்கிரஸ் என்ற தேசியக் கட்சி: மூன்றையும் ஒருவரே பிணைத்தார். அரசு பயந்தது இந்தப் பிணைப்பைக் கண்டுதான். மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் சுதேசிக் கம்பெனி 1911-இலேயே கலைக்கப்பட்டிருந்தது. 1907 டிசம்பரில் சூரத்தில் பிளந்துபோன காங்கிரஸ் அவரைத் தாங்கிப் பிடிக்கும் நிலையில் இல்லை. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காமல் 1920-இல் அவரே கட்சியை விட்டு விலகினார். ஆனாலும் 1936 நவம்பர் 18 அன்று அவர் உயிர் பிரிந்தது தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில்.

விடுதலைக்குப் பின் ஊரின் பெரிய கோரிக்கை ஆழ்கடல் துறைமுகம். வணிகர்கள் கேட்டார்கள், கட்சிகள் எல்லாம் வழிமொழிந்தன. ஏ.இராமசாமி முதலியார் தலைமையில் 1955-இல் அமைந்த குழு, தூத்துக்குடித் துறைமுகத்தையும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் வழி தோண்டும் சேதுக் கால்வாயையும் ஒன்றாகவே பார்க்கச் சொன்னது. 1964 நவம்பரில் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி புதிய துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். முதலமைச்சராகப் பதவிக்கு வந்த அண்ணா 1967 ஜூலையில் சேலம் இரும்பாலையோடு தூத்துக்குடித் திட்டத்தையும் சேர்த்து ‘எழுச்சி நாள்’ நடத்தினார். 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம்.

கால்வாய்க்கு அந்த ஒற்றுமை அமையவில்லை. 2005 ஜூலையில் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டத்தைத் தி.மு.க. தன் நெடுங்கனவாகப் பேசியது; இராமர் பாலத்தை முன்வைத்துப் பா.ஜ.க. எதிர்த்தது. தூர்வாரினால் மீன்வளம் போய்விடும் என்று மீனவர் சொன்னது இந்த இரைச்சலில் அமுங்கியது. 2007-இல் பாலப் பகுதியில் பணியை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மீனவரும் ஒரே குரலில் பேசுபவர்கள் அல்லர். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வலை, ஆழம், நேரம் எல்லாவற்றிலும் தகராறு உண்டு. 1983-இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்ததே தமிழகக் கரையெங்கும் நடந்த இத்தகைய மோதல்களால்தான்.

எல்லாக் குழுக்களும் ஒன்றுகூடியது ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிராக. மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரியில் எதிர்ப்பைச் சந்தித்து வெளியேறிய ஆலை இது. 1994 அக்டோபரில் அ.தி.மு.க. முதலமைச்சர் ஜெயலலிதா இங்கே அடிக்கல் நாட்டினார். 1996-இல் தாதுக் கப்பலை மீனவர்கள் கடலிலேயே படகுகளால் மறித்தார்கள். அடுத்தடுத்து ஆண்ட தி.மு.க., அ.தி.மு.க. இரண்டின் காலத்திலும் ஆலை ஓடியது. நீதிமன்றப் படியேறித் தொடர்ந்து வாதாடிய கட்சித் தலைவர் வைகோ. 2010-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கி, 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லி ஆலையை அனுமதித்தது.

2018 பிப்ரவரியில் குமரெட்டியாபுரம் மக்கள் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். மார்ச் 24 அன்று வணிகர்கள் கடையடைத்தார்கள், மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை, பெருங்கூட்டம் திரண்டது. எந்தக் கட்சியும் அழைத்து வந்த கூட்டமல்ல அது. நூறாவது நாளான மே 22 அன்று கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் மாண்டனர். மே 28 அன்று அரசு ஆலையை மூடியது. அடிக்கல் நாட்டிய அதே கட்சியின் அரசு. உயிர்கள் போன பிறகே ஓர் ஊரின் சொல் கோட்டையை எட்டியது என்பதை இந்த வரலாற்றின் மிகக் கொடிய பக்கமாகவே எழுத வேண்டும்.

மறுபக்கத்தில் நின்ற ஆலை நிறுவனத்தின் வழி அமைதியானது. ஸ்டெர்லைட் உள்ளிட்ட வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரசும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பின்னர் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியது. 2024 பிப்ரவரி 15 அன்று கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் வெளியான பட்டியலில் பெருந்தொகைக்குப் பத்திரம் வாங்கியோர் வரிசையில் வேதாந்தாவும் இருந்தது. இடையில் பிப்ரவரி 29 அன்று, ஆலையைத் திறக்கக் கோரிய அதன் மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இத்தகைய அமைதியான வழியை வெளிச்சத்துக்குக் கொண்டுவர அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு உண்டு: நாடாளுமன்ற உறுப்பினர்களை அணுகிக் காரியம் சாதிக்கும் லாபிக்காரர்கள் தம் பெயரையும் தமக்குப் பணம் தருபவரையும் பதிவு செய்ய வேண்டும். 1946-இல் வந்த சட்டத்தின் இடத்தில் 1995-இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. அங்கும் பணத்தின் செல்வாக்கு ஒழிந்துவிடவில்லை, ஆனால் யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று தேடிப் பார்க்க ஓர் ஏடு இருக்கிறது. இந்தியாவில் அத்தகைய பதிவுச் சட்டம் இதுவரை இல்லை.