இரவல் மோட்டாரில் ஓடும் லேத்

1950களில் ஆஸ்திரியாவின் ஹல்லைன் நகரிலிருந்து எம்கோ நிறுவனம் யூனிமாட் என்ற குட்டி லேத்தைச் சந்தைக்கு அனுப்பியது. அதை வைக்கச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும். தலைப்பகுதியைக் கழற்றி நிமிர்ந்த தூணில் மாட்டினால் அதுவே துளைபோடும் எந்திரம். மாடல் ரயில் செய்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். சிக்கல் மோட்டாரில்தான். தையல் எந்திரத்தில் இருப்பதுபோன்ற கார்பன் பிரஷ் மோட்டார். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிவிடும், நடுவே ஆறவிட வேண்டும்.

வீட்டு லேத்தின் சரித்திரமே இப்படி இரவல் விசையில் ஓடுவதுதான். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பம் செல்வந்தர்களுக்குச் செய்துகொடுத்த அலங்காரக் கடைசல் லேத்துகளைக் காலால் மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். மின்சாரம் வந்தபின் துணி துவைக்கும் எந்திரத்தின் மோட்டார், டிரெட்மில்லின் மோட்டார் என்று எது மலிவாகக் கிடைத்ததோ அதை மாட்டினார்கள்.

பிரஷ் இல்லாத மோட்டாரும் இரவல்தான். பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரின் வேலையை மின்னணுச் சுற்றுக்குக் கொடுக்கலாம் என்று 1962இல் வில்சன், டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். 1980களில் நியோடிமியம் காந்தம் வந்ததும் சிறிய உருவத்தில் பெரிய விசை சாத்தியமாயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டி, மாடல் விமானம் செய்பவர்கள் பழைய சிடி டிரைவ்களைப் பிரித்து, உள்ளிருந்த மோட்டாரின் காந்தத்தை மாற்றி, கம்பியைத் திரும்பச் சுற்றிப் பறக்கவிட்டார்கள். வெளிக்கூடே சுழலும் இந்த வகை பிறகு கடைச் சரக்காகி, லேத் பிரியர்களின் மேசைக்கும் வந்தது.

அங்கே அது தடுமாறியது. விசிறி இறக்கைக்குச் சுழல ஆரம்பிக்கும்போது சுமையே இல்லை; வேகம் கூடக்கூடத்தான் சுமை ஏறும். லேத்திலோ உளி தொட்ட நொடியிலேயே முழுச் சுமை. வோல்ட்டுக்கு 1000 சுற்று தரும் மோட்டார் 12 வோல்ட்டில், சுமையில்லாமல், நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும். 50 மில்லிமீட்டர் இரும்புத் தண்டைக் கடையத் தேவை ஏறக்குறைய 200. போதாக்குறைக்கு, விமானத்தில் இறக்கை வீசும் காற்றே மோட்டாரைக் குளிர்விக்கும். பட்டறையில் அந்தக் காற்றும் கிடையாது.

இன்னொரு தொல்லை, சென்சார் இல்லாத கட்டுப்பாட்டுக் கருவி. மோட்டார் சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் காந்தம் எங்கே நிற்கிறது என்று அது கண்டுபிடிக்கிறது. மோட்டார் நின்றிருந்தால் அந்த மின்னழுத்தமே இல்லை. வேலைப்பொருளைப் பிடிக்கும் கனமான சக் மாட்டிய ஸ்பிண்டிலை (லேத்தின் சுழல் தண்டை) அது உதறும், துடிக்கவைக்கும், சில சமயம் பின்னோக்கிக்கூட இழுக்கும். காந்தத்தின் நிலையை நேரடியாக உணரும் ஹால் சென்சார் வைத்த மோட்டாரில் இந்தக் கூத்து இல்லை.

மோட்டாரின் அச்சிலேயே சக்கை மாட்டும் ஆசை பலருக்கு வரும். ஆனால் அந்தச் சின்ன பேரிங்குகள் உளியின் பக்கவாட்டு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிண்டிலைத் தனியாகக் கோணத்தொடு பேரிங்கிலோ கூம்பு உருளை பேரிங்கிலோ அமர்த்தி, மோட்டாரைப் பக்கத்தில் வைத்துப் பெல்ட் போடுகிறார்கள். ஷாங்காயின் சீக் நிறுவனமும் இந்தப் பக்கம்தான் வந்தது: அதன் பழைய மினி லேத்தில் பிரஷ் மோட்டாரும் வேகம் மாற்றும் பற்சக்கரங்களும், பிந்தைய எஸ்சி3இல் பிரஷ் இல்லாத மோட்டாரும் பெல்ட்டும்.

இப்போது பலரின் கண் பழைய ஹோவர்போர்டுகள் மேல். அவற்றின் சக்கர மோட்டாரில் 30 காந்தங்கள், கூடவே ஹால் சென்சார்கள். மெதுவாகச் சுழன்றே நல்ல முறுக்குவிசை தரும். இரும்புக்கு அது பொருந்தும். 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கு 3,000 சுற்று வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு பெல்ட் தேவை, வேகத்தைக் கூட்டும் திசையில்.